மூடிய புத்தகமும் வெற்றுத் தாளும்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கும் நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். படிவம் 4இல் பயிலும் அவருடைய மகள் இரவு 11 மணிவரை வரலாற்றுப் பாடநூலைப் படிக்கிறாள். ஆனால் மறுவாரச் சோதனையில் பாதிக் கேள்விகளுக்கு எழுத வருவதில்லை. பள்ளியிலோ குழு வேலை, சுவரில் ஒட்டும் படத்தாள், கைத்தட்டல் என்று ஒரே ஆரவாரமாக இருக்கிறதாம். இதுதான் செயல்வழிக் கற்றல் என்பதா, இதனால் பயன் உண்டா என்பது முதற்கேள்வி. இரண்டாவது அவரைப் பற்றியது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில்நுட்பராக இருக்கும் அவரை நிர்வாகம் டிப்ளோமா படிக்கச் சொல்கிறது. 44 வயதில், எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதித் தேர்வை எழுதிக் கால் நூற்றாண்டு கழிந்தபின், தலையில் ஏதாவது ஏறுமா என்று கேட்கிறார். தொடர்பில்லாத இரண்டைக் கேட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் முடித்திருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் கற்பித்துவிட்டு, ஓய்வுக்குப் பின் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பெரியவர்களுக்குச் சில காலம் பயிற்றுநராக இருந்தவன் என்ற முறையில், எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன.

முதலில் சொல்லைச் சற்றுப் பார்ப்போம். ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயர் ஆசிரியர்களிடையே நிலைத்துவிட்டது. அதை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. எனினும் அப்பெயர் ஒரு தவறான புரிதலுக்கு இடம் கொடுத்துவிட்டது. சார்லஸ் பான்வெல், ஜேம்ஸ் ஐசன் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் இருவர் 1991இல் இக்கருத்தை விளக்கியபோது, மாணவர் ஒன்றைச் செய்வதையும், தாம் செய்வது என்னவென்று தாமே எண்ணிப் பார்ப்பதையும் ஒருசேர வைத்தனர். நம் வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்தபோது முற்பாதி வந்தது. பிற்பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கை ஓடினால் போதும், மூளை தானாக ஓடும் என்று நாமும் நம்பிவிட்டோம்.

நான் பிறரைக் குறை கூறவில்லை. 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்ற தொடர் பள்ளிகளில் புதிதாகப் புழங்கிய நாளில், ஆண்டு 5 மாணவர்களுக்கு நீர்ச்சுழற்சியைக் கற்பிக்க நானே அப்படியொரு பாடம் நடத்தினேன். குழுவுக்கு ஆறு பேர். ஒவ்வொரு குழுவுக்கும் மாஜோங் தாள் எனும் ஒரு பெரிய தாள், வண்ணத்தாள், பசை. ஒரு மணி நேரத்தில் வகுப்பு முழுவதும் மேகமும் மழையும் தொங்கின. மற்ற ஆசிரியர்கள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுச் சென்றனர். மறுநாள் காலையில், குளிர்ந்த மைலோ டின்னின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நிற்கும் நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பெரும்பாலோர் டின்னுக்குள்ளிருந்து கசிந்தது என்றனர். முதல்நாள் ‘நீராவி குளிர்ந்து நீராதல்’ என்று அழகான எழுத்தில் எழுதி ஒட்டிய மாணவியும் அதையே சொன்னாள். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்: ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் புத்தகத்தைப் பார்த்து எழுதினார், இருவர் வெட்டினர், ஒருவர் பசை தடவினார், மற்ற இருவர் பசை தடவுபவரைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நீர் ஏன் அங்கே வந்தது என்று யாரும் யோசிக்க வேண்டிய தேவையே அந்தப் பாடத்தில் இல்லை. அந்த டின்னை முதல்நாளே மேசைமேல் வைத்து, ஆளுக்கொரு காரணம் எழுதச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடச் சொல்லியிருந்தால், வண்ணத்தாள் செலவும் மிஞ்சியிருக்கும்.

ஆகவே மகளின் பள்ளியில் நடப்பது செயல்வழிக் கற்றலா என்பதை ஆரவாரத்தைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. அமைதியாக அமர்ந்து ஒரு கணக்குடன் மல்லுக்கட்டும் பிள்ளை முழுமுனைப்புடன் கற்கலாம். ஓடியாடி ஒட்டும் பிள்ளை ஒன்றும் கற்காமல் போகலாம். வீட்டில் நீங்கள் கேட்க வேண்டியது, “இன்றைக்கு என்ன செய்தாய்?” என்பதைவிட, “இன்றைக்கு எந்த இடத்தில் யோசிக்க வேண்டியிருந்தது?” என்பதுதான்.

இனி, அவள் வீட்டில் படிக்கும் முறைக்கு வருகிறேன்; நோய் அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். என் தங்கை மகள் சென்ற ஆண்டு இதே நிலையில் என்னிடம் வந்தாள். அவளுடைய வரலாற்று நூலில் போருக்குப் பின் பிரிட்டிஷார் அமைத்த மலாயன் யூனியன் பற்றிய பக்கங்கள் மஞ்சள் மையால் முழுகியிருந்தன. மை படாத வரியைத் தேட வேண்டியிருந்தது. நூலை மூடச் சொல்லி, ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, அந்த அமைப்பு ஏன் இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை என்று எழுதச் சொன்னேன். 1946 ஏப்ரல் 1, 1948 பிப்ரவரி 1 என்ற இரண்டு தேதிகளையும் எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். சுல்தான்கள் தங்கள் அதிகாரத்தை இழந்ததும், மண்ணில் பிறந்தோர்க்கெல்லாம் குடியுரிமை வழங்கும் விதியும், அவற்றுக்கெதிராகத் திரண்ட மலாய்க்காரர்களின் எதிர்ப்பும், 1946 மே மாதம் அம்னோ கட்சி உருவானதும் அவள் கோடிட்ட அதே பக்கங்களில்தான் இருந்தன. கண் அவற்றைப் பலமுறை கடந்திருக்கிறது. ஆனால் ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று மனம் ஒருமுறையும் கோத்துப் பார்க்கவில்லை. “படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது, மாமா” என்றாள்.

அந்தத் ‘தெரிந்த மாதிரி’தான் ஏமாற்றுவது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தனர். ஒரு முறையில் அதை இருமுறை படிக்கச் செய்தனர். மறுமுறையில் ஒருதரம் மட்டும் படித்துவிட்டு, நினைவில் நிற்பதைத் தாளில் எழுதச் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்கள் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். படிப்பே வென்றது போலத் தோன்றியது. இரண்டு நாள் கழித்து நிலைமை தலைகீழாயிற்று: 54க்கு 68. ஒரு வாரம் கழித்து 42க்கு 56. உங்கள் மகள் இரவு 11 மணிக்கு நூலை மூடும்போது அந்த 81இன் நிறைவுடன் மூடுகிறாள்; சோதனையோ மறுவாரம் வருகிறது.

நினைவிலிருந்து ஒன்றை இழுத்தெடுக்கும் முயற்சியே அதை அங்கே ஆழப் பதிக்கிறது என்பதுதான் இதன் உட்பொருள். வராததை வரவழைக்கத் திணறும் அந்த நேரம் வீணான நேரம் போலத் தோன்றும். அதில்தான் வேலை நடக்கிறது. இதைப் பிள்ளைகள் நம்ப மறுப்பதில் வியப்பில்லை. 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், தாமே கணக்குப் போட்டுத் திணறிய வகுப்பினர் கூடுதலாகக் கற்றிருந்தனர். ஆயினும் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தனர். நல்ல பேச்சாளரின் விரிவுரையைக் கேட்டவர்கள் குறைவாகக் கற்றும் நிறைவாக உணர்ந்தனர். கோவில் திருவிழாவில் நல்ல சொற்பொழிவைக் கேட்டுவிட்டு நெகிழ்ந்து வீடு திரும்பி, மறுநாள் என்ன சொன்னார் என்று கேட்டால் விழிக்கும் நம் அனுபவமும் இதுவே.

பெருந்தொகையான சான்று வேண்டுமென்றால் அதுவும் உண்டு. ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். விரிவுரை மட்டும் கேட்ட பல்கலைக்கழக மாணவர்களில் 33.8 விழுக்காட்டினர் தோல்வியுற்றனர். மாணவர்களை ஈடுபடுத்தும் வகுப்புகளில் அது 21.8 விழுக்காடு. ஆனால், கேட்டால் 5, செய்தால் 75, கற்பித்தால் 90 விழுக்காடு நினைவில் நிற்கும் என்று ஒரு கூம்புப் படம் பயிற்சிப் பட்டறைகளில் தவறாமல் காட்டப்படுகிறதே, அதை நம்ப வேண்டாம். எட்கர் டேல் 1946இல் வரைந்த கூம்பில் எண்களே இல்லை. பின்னால் யாரோ ஏற்றிவிட்டவை அவை. நானும் பல ஆண்டுகள் அதைக் காட்டியவன்தான்.

எண்ணைப் பற்றிப் பேசும்போது நன்னூலை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. 13ஆம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர், ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான் என்கிறார். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால்; எஞ்சிய இரண்டு காலும் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் வரும். இந்தக் கால், அரைக் கணக்கை அளவீடாகக் கொண்டால் நாமும் கூம்புப் படம் காட்டியவர்களாகிவிடுவோம். அவர் சொல்வது வரிசை: கேட்பதிலிருந்து தொடங்கி, கலந்து பேசி, சொல்லிக் கொடுப்பதில் கற்றல் நிறைகிறது. பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், வினாதல், வினாயவை விடுத்தல் என்று அவர் அடுக்கும் மாணவர் கடமைகளில் மீண்டும் மீண்டும் வாசித்தல் என்பது இல்லை; ‘கேட்டவை நினைத்தல்’ இருக்கிறது. நூலை மூடிவிட்டுத்தானே நினைக்க முடியும்?

இங்கே நம் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இதைப் பலரும் பேசாமல் விடுகின்றனர். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணிதம், அறிவியல் எல்லாம் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் நுழைந்ததும் பாடங்கள் மலாய்மொழிக்கு மாறுகின்றன. மொழி தடுமாறும்போது பிள்ளை கண்டுபிடிக்கும் குறுக்குவழி, வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்வது. வாக்கியம் வரும்; பொருள் வராது. கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டால் முழு வாக்கியமும் பயனற்றுப் போகும். உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்ற பெயரில் எஸ்.பி.எம். தாள்கள் கேட்பது இப்படி மாற்றிக் கேட்கப்படும் கேள்விகளைத்தான். என் தங்கை மகளிடம், முதலில் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் சொல் என்றேன். தமிழும் மலாயும் கலந்து, தன் பாட்டிக்குக் கதை சொல்வது போலச் சொன்னாள். கதையில் ஓட்டை எங்கே என்று அவளுக்கே தெரிந்தது. அதை நூலில் தேடி அடைத்தபின்தான் மலாயில் எழுதினாள். வீட்டில் தமிழில் பேசினால் மலாய் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். புரியாததை எந்த மொழியிலும் எழுத முடியாது.

காலமும் முக்கியம். 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று அளந்து எழுதினார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. அதன்பின் மறதி மெல்ல நடக்கிறது. இடைவெளி விட்டு மீண்டும் பயின்றால் நிலைக்கிறது. ஆகவே ஒரே இரவில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, இன்று நாற்பது நிமிடம், நாளை மறுநாள் இருபது, அடுத்த வாரம் பதினைந்து என்று பிரித்தால் மொத்த நேரமும் குறையும். தூக்கத்தைக் கெடுக்கும் 11 மணிப் படிப்பும் நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் ஒருபக்கமாகப் பேசியவனாவேன். ஒன்றுமே தெரியாத பிள்ளையிடம், நீயே கண்டுபிடி என்று விட்டுவிடுவது செயல்வழிக் கற்றலாகாது, அது கைவிடுவது. கூட்டல் கணக்கில் 1/4உம் 1/3உம் சேர்ந்து 2/7 என்று எழுதும் பிள்ளைக்கு முதலில் தேவை, ஆசிரியர் நிதானமாகப் போட்டுக் காட்டும் இரண்டு மூன்று கணக்குகள். அடுத்து, ஒரு படி விடுபட்ட கணக்கு. அதன்பிறகே முழுக்கணக்கும் அதன் கையில். விளக்கம் கேட்பதும் கற்றலே. விளக்கத்தோடு நின்றுவிடுவதுதான் குறை.

ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டபின், பிள்ளைகள் எழுதும் முதல் பெரிய அரசுத் தேர்வு எஸ்.பி.எம். ஆகிவிட்டது. நீக்கியது சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. வகுப்பறை மதிப்பீட்டில் வரும் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலையை மட்டும் பார்த்துப் பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து. மூடிய புத்தகமும் வெற்றுத் தாளும் வீட்டிலேயே நடத்தும் சோதனை. அதற்கு மதிப்பெண் தேவையில்லை, பிரத்தியேக வகுப்புக் கட்டணமும் தேவையில்லை.

இப்போது உங்கள் கேள்வி. 44 வயதில் ஏறுமா? வயது கூடக் கூட, புதிய செய்தியை விரைவாகக் கையாளும் திறன் மெல்லக் குறைகிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சொல்வளமும், துறை அறிவும், எதை எதனோடு பொருத்துவது என்ற தெளிவும் நடுவயதைத் தாண்டியும் வளர்கின்றன. லண்டன் டாக்சி ஓட்டுநராக விரும்புவோர் அந்நகரின் பல்லாயிரம் தெருக்களையும் மனத்தில் பதிக்க வேண்டும். அப்படிப் பல ஆண்டு பயின்றவர்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, தேர்ச்சி பெற்றவர்களின் மூளையில் இடநினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதியின் பின்புறம் வளர்ந்திருந்ததைக் கண்டது. தேறாதவர்களிடம் அம்மாற்றம் தென்படவில்லை. அவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்லர், வளர்ந்த மனிதர்கள்.

உங்களிடம் பதினெட்டு வயது மாணவனிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மின்னணுச் சில்லில் பொருத்தும் வயர் பாண்டிங் இயந்திரத்தில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெப்பம், அழுத்தம், மீயொலி அதிர்வு, நேரம் ஆகிய நான்கில் எதைத் தொட்டால் ஒட்டு பிடிக்கும், எதைக் கூட்டினால் சில்லு விரிசல் விடும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். விரிவுரையாளர் வரைபடம் போடும்போது அது மாட்டிக்கொள்ள உங்கள் மனத்தில் ஏற்கெனவே ஆணி அடித்திருக்கிறது. அதே அனுபவம் இடைஞ்சலும் செய்யும்: ‘இப்படித்தான் செய்வோம்’ என்பது தெரிந்தவருக்கு ‘ஏன்’ என்ற கேள்வி எழுவதில்லை. டிப்ளோமா உங்களிடம் கேட்கப்போவது அந்த ‘ஏன்’.

என் பெரியவர் வகுப்பில் ஒருவர் இருந்தார். பினாங்குத் தீவில் வேலை, வீடு பெருநிலத்தில். நாள்தோறும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் கடப்பார். ஃபெரி கரையை விட்டுக் கிளம்பியதும் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, முந்தைய வகுப்பில் நடந்ததை மறுகரை சேர்வதற்குள் மனத்துக்குள் ஒப்பிப்பாராம். எங்கே சிக்கியதோ அதை இறங்கியதும் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். வகுப்புக்கு வந்ததும் கையை விரித்துக் கேள்வி கேட்பார். அவர் கையில் எழுத்து இல்லாத வாரங்களில் எனக்கே ஏமாற்றமாக இருக்கும்.

வாசல்களைப் பொறுத்தவரை, நம் நாட்டில் குறையில்லை. எஸ்.பி.எம்.மில் தேவையான கிரெடிட்டுகள் இல்லாவிட்டாலும், பணி அனுபவத்தை மதிப்பிட்டு இடம் தரும் ஏப்பல் முறை உண்டு. டிப்ளோமாவுக்கு 20 வயதும், இளங்கலைப் பட்டத்துக்கு 21 வயதும் கடந்தவர்கள் உரிய அனுபவத்துடன் விண்ணப்பித்து, அதற்கான மதிப்பீட்டில் தேற வேண்டும். வேலை செய்துகொண்டே படிப்பதற்கென்றே 2000இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், ஜார்ஜ்டவுனில் 2006இல் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. ஏட்டுப் படிப்பைவிடக் கைத்தொழில் சான்றிதழே போதும் என்றால், எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் நிலைகளிலும் முன் அனுபவத்தை ஏற்கும் வழி இருக்கிறது. நிறுவனம் படிக்கச் சொல்கிறது என்றால், செலவு யாருடையது என்று முதலில் கேளுங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகள், பெரும்பாலான துறைகளில், சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்கு வரியாகச் செலுத்துகின்றனர். அது உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் பணமன்று, பயிற்சிக்காக ஒதுக்கிய பணம்.

யுனெஸ்கோவுக்காக முன்னாள் பிரெஞ்சுப் பிரதமர் எட்கர் ஃபோரின் குழு 1972இல் அளித்த அறிக்கை, கல்வி வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது என்றது. மலேசிய அரசும் 2011 முதல் 2020 வரைக்கென ஒரு வாழ்நாள் கற்றல் பெருந்திட்டம் வகுத்தது. இவற்றின் நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நடைமுறையில் வாழ்நாள் கற்றல் என்பது சான்றிதழ் சேர்ப்பதாகச் சுருங்கிவிட்டதைப் பார்க்கிறேன். காலையில் கையெழுத்து, பத்து மணிக்குக் கறிபாப்பும் தே தாரேவும், மாலையில் குழுப்படம், சான்றிதழ். நடுவே திரையில் ஓடிய நூறு பக்கங்களில் ஒன்றைக்கூட எவரும் தம் வாயால் சொல்லிப் பார்ப்பதில்லை. இது மஞ்சள் மையால் முழுகிய அந்த வரலாற்று நூலின் பெரியவர் பதிப்பு. ஆகவே நிறுவனம் எந்தப் படிப்புக்கு அனுப்பினாலும், சேருமுன் அங்கே படித்த ஒருவரிடம், வாரத்துக்கு எத்தனை இடுபணி, தவறைத் திருத்தி விளக்கம் எழுதித் தருகிறார்களா, ஐயம் கேட்க ஆள் உண்டா என்று விசாரியுங்கள். கட்டடத்தின் அழகை அப்புறம் பார்க்கலாம்.

தொடக்கத்துக்கு ஒன்று செய்யுங்கள். வாரம் இருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு, மேசையைத் துடைத்துவிட்டு நீங்களும் மகளும் எதிரெதிரே அமருங்கள். அவள் அந்த வாரப் பாடமொன்றை நூலைப் பார்க்காமல் ஒரு வெற்றுத் தாளில் எழுதி, உங்களுக்குச் சொல்லட்டும். உங்களுக்கு வரலாறு தெரியாதது இங்கே வசதி, புரியாத இடத்தில் தயங்காமல் கேட்கலாம். பிறகு, அந்தக் கம்பி சில்லில் எப்படி ஒட்டுகிறது என்று நீங்கள் அவளுக்குச் சொல்லுங்கள். பசையில்லாமல் எப்படி ஒட்டும் என்று அவள் கேட்பாள். அங்கே நீங்கள் திணறினால், டிப்ளோமாவில் முதலில் விடை தேட வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது. முதல் இரண்டு வாரம் இருவருக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். இதற்குப் பழையபடி வாசித்திருக்கலாமே என்று அவள் சொல்வாள். அப்போது நிறுத்திவிடாதீர்கள். முதல்நாள் அவள் பாதி எழுதிவிட்டு நின்ற அந்தத் தாளில் தேதி போட்டுப் பத்திரமாக எடுத்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, அதே கேள்வியைக் கொடுத்து இன்னொரு தாளில் எழுதச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.